பேதி உப்பு

ஆஸ்த்ராவாவில் எங்கள் பல் மருத்துவமனைக்கு வருகிறவர்கள்
கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்ததும்
முதலில் பார்ப்பது இந்த மீனைத்தான்.
அதற்காகத்தான் வாங்கியது.
மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் டிரில் சத்தம்
பாதிதான் கேட்கும் என்பது டாக்டர் வவ்ரெச்காவின் கணக்கு.

செவ்வாய்க்கிழமை
அதன் கண்கள் வெளியே வந்திருந்தன. இரண்டும்.
உள்ளேயிருந்து யாரோ கட்டைவிரலால் தள்ளியதுபோல.
வயிறு ஊதி
செதில்கள் ஒவ்வொன்றும் தூக்கிக்கொண்டு,
பெஸ்கிடி மலையில் காலில் இடறுமே
பைன் காய், அப்படி.

"அதுக்கும் பல்லா?" என்றார்
டிராம் பணிமனை ஓல்ட்ரிக்.
அவருடைய இடது கன்னமே ஒரு பன் அளவு.
யாரும் சிரிக்கவில்லை.
வாயைத் திறந்தால் வலிக்கிற கூட்டம்.

மீன்கடை யர்மிலா போனில் சொன்னாள்:
சிறுநீரகம் கைவிட்டிருக்கும்.
வெளியேற வேண்டிய தண்ணீர் உடம்பிலேயே தங்குகிறது.
தனி வாளி. ஹீட்டர். இருபது லிட்டருக்கு
ஒரு தேக்கரண்டி பேதி உப்பு,
சமையல் உப்பு இல்லை, காதில் விழுந்ததா?
பத்தில் ஒன்று பிழைக்கும்.
ஆசை வைக்காதே.

மருந்துக்கடையில் பேதி உப்பு என்றதும்
கவுண்டர் பெண் குரலைத் தாழ்த்தி
எத்தனை நாளாக என்றாள்.
மூன்று என்றேன்.
வெந்நீர் நிறையக் குடியுங்கள் என்றாள்.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது.
வடிகட்டியின் பிளக்கை உருவியவள் நான்.
ஜன்னலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரிய
ஒரு பிளக் துளை வேண்டியிருந்தது.
ஒன்பது நாள்.
நட்சத்திரம் மின்னிக்கொண்டிருந்தது,
தன் கழிவையே மீன் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது.

வாளியைக் கருவி கழுவும் அறையில் வைத்தேன்.
இருட்டு நல்லதாம்.
எக்ஸ்ரே எடுக்கையில் நோயாளிக்குப் போர்த்தும் ஈய அங்கியை
ஒரு பலகை போட்டு அதன்மேல் விரித்தேன்.
வெளியே காலித் தொட்டியை,
ஒரு பிளாஸ்டிக் கோட்டையை,
மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் வீங்கிய முகங்கள்.

வெள்ளி மாலை டாக்டர்
கிராம்பு எண்ணெய் சீசாவை வாளியருகே கொண்டுவந்து வைத்தார்.
பல்லுக்கு ஒரு துளி.
இன்னும் கொஞ்சம் விட்டால் மீன் தூங்கும்.
அதற்கும் மேல் விட்டால்,
என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.
முப்பது வருடம் வலியை மரக்க வைத்த மனிதர்
கையுறையைக் கழற்ற மறந்து நின்றார்.

திங்கள் வரை, என்றேன்.
"உங்களுக்கு இவ்வளவு பிடிக்கும் என்று தெரியாது,
திருமதி சிகோரோவா."

பிடிக்கும் என்று யார் சொன்னது?
நான் அதற்கு ஒரு பெயர்கூட வைத்ததில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும்
பனியில் டிராம் பிடித்து வந்தேன்.
பாதித் தண்ணீரை மாற்றினேன்.
புதுத் தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் பார்த்தேன்,
பிள்ளைக்குப் பால் ஆற்றுகிறவள்போல.
வேகவைத்த பட்டாணியின் தோலுரித்து
நசுக்கிப் போட்டேன்.
வாங்கியது, துப்பியது, வாங்கியது.

ஞாயிறு இரவு வாளியின் அடியில்
கறுப்பாய் ஒரு நூல்.
மலம்.
ஐம்பத்தெட்டு வயதில்
ஒரு மீனின் மலத்தை டார்ச் அடித்துப் பார்த்து
தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பதினோராம் நாள் செதில்கள் படிந்தன.
வலது கண் தன் இடத்துக்குத் திரும்பியது.
இடது கண்ணில் பால் படர்ந்தது,
பிறகு ஒரு காலை
அது அங்கே இல்லை.

தொட்டிக்குத் திரும்பிய மீன்
கோட்டையில் மோதி மோதி அதன் மூலைகளைப் படித்துக்கொண்டது.
நட்சத்திரத்தைப் பெட்டியில் போட்டுக் கட்டினேன்.
குனிந்தபோதுதான் பார்த்தேன்,
வடிகட்டியின் பிளக்கில் ஒரு துண்டு பிளாஸ்திரி:
"தொடாதே."
டாக்டரின் கிறுக்கல்.
ஓரங்கள் அழுக்கேறிச் சுருண்டிருந்தன.
எப்போது ஒட்டினார் என்று நான் கேட்கவில்லை.

இன்று ஓல்ட்ரிக்குக்கு வேர்ச் சிகிச்சை, இரண்டாம் தடவை.
மீன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான்
கோட்டைக் கழற்றினார்.
ஒரு பக்கம்தான் தெரியும் அதற்கு, என்றேன்.
எந்தப் பக்கம் என்று கேட்டு
அந்தப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.